சவரிராயன் – தணிகாசலம்: மூன்று சுற்று

ஜூன் 12, திங்கள்

ராயபுரம் வீட்டைப் பூட்டிவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தேன். இமெல்டாவின் விடுப்பு முடிந்துவிட்டது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இனிமேல் நீட்டிக்க மாட்டார்களாம். பகலில் அவள் கணவரைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த பெண்ணும் சொல்லாமல் நின்றுவிட்டாள். ஒரே மகள் கேட்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? எண்பத்து மூன்று வயதில் உங்களுக்கே ஒரு ஆள் வேண்டுமே என்று மாதா கோயிலில் சில பெண்கள் அங்கலாய்த்தார்கள். அவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள், என்னைவிட மெதுவாக நடக்கிறவர்கள்.

மருமகன் தணிகாசலத்துக்கு ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, ஆனால் புரியும். புரிந்து என்ன, அவர் பேசினால்தானே. சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த பொருளைப் போல.

இதற்கு முன் இந்த வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். இன்றுதான் முதல்முறையாகச் சமையலறைக்குள் போனேன். கரண்டி, கத்தி, சல்லடை எல்லாம் ஒரே டப்பாவில். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலோமின் இதைப் பார்த்திருந்தால் அந்த டப்பாவைத் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருப்பார். அடுக்கி வைத்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

பின்னால் இதைப் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் கணவர் சவரிராயன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபதுகளில் குத்துச்சண்டையில் இந்த ஊரின் ஹெவிவெயிட் சாம்பியன். நான் அதே துறைமுக அலுவலகத்தில் ஸ்டெனோகிராபர். அவருடைய சண்டைகளுக்கு முன் வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, மனசுக்குள்ளேயே புள்ளி போடுவேன். நடுவர்கள் தவறியிருக்கிறார்கள், நான் தவறியதில்லை.

தணிகாசலமும் ஹெவிவெயிட்தான். இவர் காலம் வேறு, தொண்ணூறுகளின் தொடக்கம். ரயில்வேக்காக ஆடினார். இடது கைக்காரர். அந்த இடது கைக்கு வடசென்னையில் ஒரு பெயர் இருந்தது என்று சொல்வார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை.

இவருக்கு மகளைக் கொடுக்க என் கணவர் சம்மதிக்கவில்லை. இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதன்பிறகு என் கணவர் கண்ணை மூடும்வரை இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மதம்தான் காரணம் என்று ஊர் நினைத்தது. இமெல்டா இன்றும் அப்படித்தான் நினைக்கிறாள். அது இல்லை. "பையனுக்கு நெஞ்சுல தில் இல்ல ஜெசிந்தா" என்றார் என்னிடம். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி அவர் சொன்னது எதுவும் தப்பாகப் போனதில்லை. அதனால் நானும் அப்படியே நம்பினேன்.

ஜூன் 14, புதன்

பிசியோதெரபிப் பெண் வந்தாள். கெட்டிக்காரி, நகங்களைச் சுத்தமாக வெட்டியிருக்கிறாள். இடது கையைத் தூக்கச் சொன்னாள். அவர் தண்ணீர்த் தொட்டியையே பார்த்தார்.

"அங்கிள், கொஞ்சம் ட்ரை பண்ணுங்க."

"வேணாம்மா."

வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கையில உயிர் இருக்கு பாட்டி. நான் தொட்டுப் பார்த்தேன், தசை துடிக்குது. ஆனா அவர் மனசு வைக்கணும். இந்த மாசங்களை விட்டுட்டா விரல் மடங்கி அப்படியே நின்னுடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

பாட்டி என்று கூப்பிட்டதை மன்னித்தேன்.

ஜூன் 15, வியாழன்

கேழ்வரகுக் கஞ்சி. பாதிக்கு மேல் குடிக்கவில்லை. துணி காயவில்லை.

ஜூன் 17, சனி

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கரைக்கு வர ஆரம்பித்துவிட்டன. காலையிலேயே ஆட்டோ பிடித்துக் காசிமேடு போய் வந்தேன். வஞ்சிரம் வாங்கினேன். "வஞ்சிரமா? என்னம்மா விலை?" என்றாள் இமெல்டா. மலிவாகக் கிடைத்தது என்றேன். முள் இல்லாத மீன் என்பதால் அவர் வலது கையாலேயே சாப்பிட முடிந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது கூடத்தில் துரைக்கண்ணுவின் குரல் கேட்டது. அவர் பாக்சிங் கிளப்பில் கோச்சாக இருந்தவர். என் கணவரின் கடைசிக் காலச் சண்டைகளைப் பையனாகப் பார்த்தவர், தணிகாசலத்துக்குப் பயிற்சி கொடுத்தவர். வாயை மூடத் தெரியாது. ஆனால் மனிதர் நல்லவர்.

"இன்னா தணி, ராஜா மாரி குந்திக்கினு கீற? எழுந்து வாடா, ரெண்டு ரவுண்டு போடலாம்."

தணிகாசலம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துரைக்கண்ணு கையில் இருந்த வாழைப்பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு என்னைப் பார்த்ததும் பேச ஒன்று கிடைத்துவிட்டது.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நேத்து கிளப்புல ஒரே சண்டை. சவரி அண்ணனும் நம்ம தணியும் ஒரே காலத்துல இருந்து, ரெண்டு பேரும் மோதிக்கினாங்கன்னு வைங்க. யாரு ஜெயிப்பா?"

"மாமா, பேசாம இருங்க" என்றாள் இமெல்டா.

"நான் சொன்னேன், மூணாவது ரவுண்டுல தணிதான்னு. அந்த லெஃப்ட் ஒண்ணு வுட்டான்னா அண்ணன் கயித்துல தொங்குவாரு."

நான் பூசைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன்.

"துரைக்கண்ணு, என் வீட்டுக்காரர் கயித்துல சாய்ஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"அது வந்து அண்ணி..."

"பாத்திருக்கீங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப காப்பியைக் குடிங்க, ஆறிப்போகுது."

குடித்தார். ஆனால் விடவில்லை.

"சரி, அத்த வுடுங்க. அண்ணன் வெயிட்டு இன்னா? தொண்ணூத்தி நாலு. அவரு காலத்துல எம்பத்தொண்ணுக்கு மேல அத்தினி பேரும் ஹெவிவெயிட். தணி காலத்துல ரூல் மாறிப்போச்சு. தொண்ணூத்தொண்ணுக்கு மேல போனா சூப்பர் ஹெவி. அண்ணன் மேடைக்கே வர முடியாது! மிஷின்ல ஏறினதும் வூட்டுக்கு அனுப்பிடுவான். மூணு கிலோ எறக்கிக்கினு வரணும்."

"அவர் எதுக்கு இறங்கணும்? உங்க ஆளை ஏறச் சொல்லுங்க."

"இன்னாத்த துன்னு ஏறுவான்?"

"நான் சமைச்சுப் போடறேன்."

சன்னல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். தணிகாசலத்தின் முகம் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருந்தது. இருமுகிறாரோ என்று இமெல்டா பதறி எழுந்தாள். அவர் வாயைக் கூட்டிக்கூட்டிச் சொன்னார்:

"கஞ்சி... ஊத்தியா அத்தே... வெயிட் ஏத்துவீங்க?"

இமெல்டா சமையலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். துரைக்கண்ணு வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் வந்ததிலிருந்து இந்த மனிதர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் என் சமையலைப் பற்றிய ஒரு குறை. குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 19, திங்கள்

விடியவிடிய மழை. தூக்கம் வரவில்லை. கயிற்றில் தொங்குவாராம்! இதை இப்படியே விட்டுவைக்க முடியாது. சண்டையை முறைப்படி நடத்தி முடிவைத் துரைக்கண்ணுவுக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

காலைப் பலகாரம் முடிந்ததும் அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"விதிமுறையைச் சொல்றேன், கேட்டுக்கங்க. மூணு ரவுண்டு. தலைக்கவசம் கிடையாது, அது உங்க காலத்துல வந்தது. எடை விஷயத்தை விட்டுடலாம், ரெண்டு பேரும் ஹெவிவெயிட். அவர் என்ன செய்வார்னு நான் சொல்லுவேன், அவர் ஆடினது எனக்கு அத்துப்படி. நீங்க என்ன செய்வீங்கன்னு நீங்கதான் காட்டணும்."

"காட்டறதா?"

"வாயால சொன்னா புள்ளி கிடையாது. கை மேல வந்தாத்தான் குத்து."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பைத்தியமா என்று யோசிக்கிறார் என நினைத்தேன்.

"நடுவர் யாரு?" என்றார்.

"நான்தான்."

"அவரு பொண்டாட்டி... நடுவரா?"

"நான் கான்வென்ட்ல படிச்சவ. பொய்ப் புள்ளி போட மாட்டேன்."

முகம் மறுபடி ஒரு பக்கம் மேலே போயிற்று.

ஜூன் 20, செவ்வாய்

முதல் சுற்று ஆரம்பம். மூன்று சுற்றுச் சண்டை என்று துரைக்கண்ணுவுக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். ஒரு சுற்றை ஒரே நாளில் முடிக்க முடியாது, அவருக்கு மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடத்துகிறேன்.

மணி அடித்ததும் என் கணவர் அவசரப்பட மாட்டார். மேடையின் நடுவுக்கு வந்து நிற்பார், சொந்த வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல. எதிராளிதான் சுற்றி வர வேண்டும். இதைச் சொன்னதும் தணிகாசலம் தலையாட்டினார். வலது கையைத் தூக்கி முன்னால் ஒரு சின்னக் குத்து. இடது கைக்காரர்களுக்கு முன்கை வலதுதானே. நன்றாக வந்தது. தோளிலிருந்து நேராக வந்தது. ஒரு புள்ளி கொடுத்தேன்.

"இப்ப அவர் உங்க விலாவுல ஒண்ணு வச்சார்."

"தடுத்தேன்."

"எந்தக் கையால?"

அவர் மடியைப் பார்த்தார். இடது கை அசையவில்லை.

"விழுந்தது. அவருக்கு ஒரு புள்ளி" என்றேன்.

ஜூன் 22, வியாழன்

முதல் சுற்று என் கணவருக்கு. சந்தேகமே இல்லை.

தணிகாசலத்துக்கு முகம் மழித்துவிட்டேன். இமெல்டாவுக்கு நேரம் இல்லை, அவள் மழித்தால் காதோரம் திட்டுத்திட்டாக நிற்கிறது. அலங்கோலத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. என் கணவருக்கும் சண்டைக்கு மறுநாள் நான்தான் மழிப்பேன், விரல்கள் வீங்கி ரேசரைப் பிடிக்க வராது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை. தாடைக்கடியில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. எந்தச் சண்டையில் வந்தது என்று கேட்டேன். சண்டை இல்லையாம். சின்ன வயசில் பட்டம் விடும்போது மாடியிலிருந்து விழுந்தாராம்.

ஜூன் 23, வெள்ளி

இன்று கஞ்சியை முழுதும் குடித்தார். கொஞ்சம் கருவாட்டுத் தொக்கு வைத்தேன். டாக்டர் உப்பு கூடாது என்றிருக்கிறார். தொட்டுக்கொள்ள மட்டும்தான்.

ஜூன் 26, திங்கள்

இரண்டாம் சுற்று. எனக்குக் கோபமாக வருகிறது.

வலது கை ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பேர்பெற்ற இடது கையை அவர் முயற்சி செய்வதுகூட இல்லை. எத்தனை இடைவெளி கொடுத்தேன்! "இப்ப அவர் முகம் திறந்திருக்கு" என்றேன். "இப்ப அவருக்கு மூச்சு வாங்குது" என்றேன். அவர் வலது கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பின்வாங்குகிறார். சண்டையில் தோற்பது ஒன்று, தோற்றுக்கொடுப்பது வேறு. என் கணவர் இனாமாக எதையும் வாங்கியவர் இல்லை.

பிசியோதெரபிப் பெண் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் போக ஆரம்பித்துவிட்டன. எனக்கும் கண் இருக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று ஒரு முடிவோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் கணவரிடம் ஒரு குறை இருந்தது. அவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வலது கையை வீசி அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும்போது, தாடையைக் காப்பாற்ற வேண்டிய கையை ஒரு சாண் கீழேயே விட்டுவிடுவார். இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் நேராக ஒரு இடது கைக் குத்து வந்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. வீட்டில் கண்ணாடிக்கு எதிரே நிற்கவைத்துச் சொல்லிச்சொல்லிப் பார்த்தேன், திருந்தவில்லை. அவர் காலத்தில் இங்கே நல்ல இடது கைக்காரர்கள் இல்லாததால் தப்பித்தார். இந்த ரகசியத்தை அவர் இருந்தபோதும் போன பிறகும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொன்னேன். ஏன் என்றால், சண்டை சண்டையாக நடக்க வேண்டும்.

"தெரியும் அத்தே" என்றார் தணிகாசலம்.

"எப்படித் தெரியும்? அவர் மேடையில ஏறினப்போ நீங்க தொட்டில்ல கிடந்தீங்க."

அவர் மடியில் கிடந்த கையைப் பார்த்தார்.

"துரைக்கண்ணு சொன்னாரா?"

"அவருக்குத் தெரியாது."

"அப்ப யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்." வாயை வலது கையால் துடைத்துக்கொண்டார். "எதுக்க நின்னு பாத்தேன்."

பிறகு மெதுவாக வந்தது. குழறிக் குழறி, பல இடத்தில் நான் மறுபடி கேட்டு.

பெண் கேட்க எங்கள் வீட்டுக்கு வருவதற்குத் தைரியம் இல்லாமல், அவர் துறைமுக ஜிம்முக்குப் போயிருக்கிறார். என் கணவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. விஷயத்தைக் கேட்டார். ஒன்றும் பேசாமல் ஒரு ஜோடி கையுறையை எடுத்து இவர் மேல் போட்டிருக்கிறார். "மாட்டு. மூணு ரவுண்டு. அப்புறம் பேசலாம்."

"மாட்டிக்கினேன். வேற என்ன செய்யறது? அவரு அடிச்சாரு அத்தே. அம்மா! அந்த வயசுல! நான் ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னால வச்சிக்கினு நின்னேன். மூணு ரவுண்டும். ரைட்டு வீசினாரு, கை கீழ தங்குச்சு. தாடை தெரிஞ்சுது. திரும்ப வீசினாரு, திரும்பத் தெரிஞ்சுது. என் லெஃப்ட்டு தானா எழுந்து வருது, நான் புடிச்சு வச்சிக்கறேன்."

"ஏன் பிடிச்சு வச்சீங்க?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"பொண்ணு கேட்டுப் போயிருக்கேன் அத்தே. மாமனாரப் போயி அடிப்பாங்களா யாராச்சும்?"

நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 28, புதன்

சண்டை இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஜிம்மிலிருந்து வந்தவர் கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு அடி திருப்பி அடிக்கல ஜெசிந்தா. ஒண்ணுகூட. என்னைக் கிழவன்னு நினைச்சுட்டான்" என்று வாளியைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு யாரோ ஜிம்முக்கு வரும் பையன் என்று நினைத்தேன். தில் இல்லை என்று தணிகாசலத்தைப் பற்றிச் சொன்னது அதற்குச் சில நாள் கழித்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

மரியாதைக்காக ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதையே அவமரியாதை என்று எடுத்துக்கொண்டு இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவில் என் மகள் தலையில் பூ வைத்து அனுப்ப ஆளில்லாமல் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனாள்.

சவரி, என்னிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருப்பேன்: மண்டு, அவன் எப்படி அடிப்பான்?

ஜூன் 30, வெள்ளி

சொல்ல வேண்டியதை இன்று சொல்லிவிட்டேன். இமெல்டா வேலைக்குப் போனதும், காப்பி டம்ளரை அவர் வலது கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"அவருக்குக் கோவம் என்ன தெரியுமா? நீங்க அடிக்கலைன்னு."

"என்னாது?"

"திருப்பி அடிக்கலை. வயசானவர்னு இரக்கப்பட்டுட்டீங்க, அவரைச் சமமா மதிக்கலைன்னு நினைச்சார்."

காப்பியைக் குடிக்காமல் டம்ளரை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

"அடிச்சிருந்தா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தாப் போதும். ஞாயித்துக்கிழமையே கோயில்ல உங்க கல்யாண ஓலை வாசிச்சிருப்பாங்க."

"நான் இந்து அத்தே."

"அதுக்கு ஃபாதர் முடியாதுன்னா, அவரையும் ரிங்குக்குக் கூப்பிட்டிருப்பார்."

சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எச்சில் வழிந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை. முந்தானையால் துடைத்துவிட்டேன். கைக்குட்டை எட்டத்தில் இருந்தது.

"அவ்ளோ நேரம் புடிச்சு வச்சிக்கினேனே" என்றார். "அந்தக் கையி... அப்பிடியே போச்சே அத்தே."

"போகலை. பிசியோதெரபிப் பொண்ணு தொட்டுப் பாத்திருக்கா, துடிக்குதாம். மூணாவது ரவுண்டு பாக்கி இருக்கு மாப்பிள்ளை. திங்கக்கிழமை மணி அடிப்பேன். இந்தத் தடவை பிடிச்சு வச்சா, சண்டையை நிறுத்தி உங்களைத் தகுதிநீக்கம் பண்ணிடுவேன்."

ஜூலை 3, திங்கள்

மூன்றாம் சுற்று. ஸ்டூலை அவர் முட்டிக்கு முட்டி இடிக்கும் தூரத்துக்கு இழுத்துப் போட்டேன். வர்ணனை போதாது என்று தோன்றியது. சோபா மெத்தை ஒன்றை எடுத்து மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, என் கணவர் மாதிரி வலது கையை வீசிக் காட்டினேன். அவர் ஆறடி, நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் எங்கே வீசினால் எங்கே கை தங்கும் என்பது எனக்குத் தெரியும். தங்கவிட்டேன்.

"இப்ப!"

இடது தோள் எழுந்தது. தோள் மட்டும். கழுத்து நரம்பு புடைத்தது. கை மடியைவிட்டு அசையவில்லை.

மறுபடி வீசினேன். மறுபடி தோள்.

மூன்றாவது தடவை கை முட்டிவரை நகர்ந்து நாற்காலி விளிம்பில் விழுந்தது. வலித்திருக்கும். "புள்ளி இல்லை" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன், புழுக்கம் அதிகம்.

ஜூலை 4, செவ்வாய்

எனக்குத் தோள்பட்டை வலி. அவரிடம் சொல்லவில்லை. கை இன்று மடியைவிட்டு மேலே எழுந்தது. ஒரு உள்ளங்கை உயரம் இருக்கும்.

ஜூலை 5, புதன்

பிசியோதெரபிப் பெண் வந்தபோது நாங்கள் சண்டையின் நடுவில் இருந்தோம். கதவோரம் நின்று பார்த்தாள். "பாட்டி, நீங்க இங்கேயே இருந்துடுங்க. நான் எதுக்கு வரணும்?" என்றாள். எனக்கு வீடு இருக்கிறது என்றேன். ஆனால் அந்த வீட்டுச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 6, வியாழன்

காலையில் இட்லி. அவர் நான்கு சாப்பிட்டார். மின்சாரம் போய்விட்டதால் சன்னலை முழுக்கத் திறந்து வைத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவரே சொன்னார்: "அத்தே, மெத்தைய கொஞ்சம் தூக்கிப் புடிங்க. மாமா தாடை அவ்ளோ கீழ இருக்காது."

தூக்கிப் பிடித்தேன். வலது கையை வீசினேன். திரும்பும்போது ஒரு சாண் கீழே விட்டேன்.

முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை கை எழுந்து பாதியில் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கண்ணைத் திறங்க" என்றேன். "எதிராளியைப் பாக்காம அடிக்கிறது என்ன பழக்கம்?"

"முடியல அத்தே."

"முடியலையா, மனசு வரலையா?"

"அவரு முகம்தான் தெரியுது."

"தெரியட்டும். அவர் காத்துக்கிட்டு நிக்கிறார் மாப்பிள்ளை. கிழவனாப் பாக்காதீங்க. ஹெவிவெயிட் சாம்பியன். அடிச்சாத்தான் அவருக்கு மரியாதை."

வீசினேன். கையைத் தங்கவிட்டேன்.

அந்தக் கை எப்படி வந்தது என்று என்னால் சரியாக எழுத முடியவில்லை. வேகமாக வரவில்லை. நடக்கப் பழகும் குழந்தை வருவதுபோல், எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் வந்தது. ஆனால் தோளிலிருந்து வந்தது, முழங்கை நீண்டு வந்தது, நேராக வந்தது. மெத்தையின் நுனியில் பட்டு, வழுக்கி, மேலேறி, மடங்கிய விரல்களின் முட்டி என் தாடையில் இடித்தது.

மெத்தை கீழே விழுந்தது.

"ஐயோ! அத்தே! பட்டுடுச்சா? மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க..."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாடையில் அடிபட்டால் வரும், அது இயற்கை.

"மன்னிப்புக் கேட்டா புள்ளியைக் குறைப்பேன்" என்றேன்.

அவர் வாயைத் திறந்தபடி தன் இடது கையைப் பார்த்தார். அது காற்றில் நின்றுகொண்டிருந்தது. இறக்க மறந்துபோயிருந்தார். நான் கீழிருந்து என் கையைக் கொடுத்துத் தாங்கி, மெதுவாக மடியில் கொண்டுவந்து வைத்தேன். உடனே எடுக்கவில்லை. அந்த விரல்கள் என் விரல்களை லேசாக அழுத்தின. நிச்சயமாக அழுத்தின. நான் பொய்ப் புள்ளி போடுகிறவள் இல்லை.

மாலையில் துரைக்கண்ணு ஃபோன் செய்தார். "இன்னா அண்ணி, யாரு ஜெயிச்சா?"

"இன்னும் ஆடிட்டு இருக்காங்க."

"மூணு ரவுண்டுன்னு சொன்னீங்களே!"

"நடுவர் நான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இமெல்டா வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா இது? தாடையில சிவந்திருக்கு."

"குத்து விழுந்தது."

"குத்தா? யார் குத்தினது?"

"உன் வீட்டுக்காரர். இடது கையால."

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, மடியில் இருந்த அந்தக் கையைக் கொஞ்சம், ஒரு விரற்கடை அளவு, தூக்கிக் காட்டினார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்சம் கழித்து எழுந்து வந்து, தைலப் புட்டியைத் திறந்து என் முகத்தருகே கொண்டுவந்தாள். வேண்டாம் என்று அவள் கையைத் தள்ளிவிட்டேன். இந்த அடியை வாங்க வேண்டியவர் வாங்காமலே போய்விட்டார். கொஞ்ச நேரம் அது என்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும்.